ஸ்லீமாவில் இரண்டு வீடுகள்: மால்டாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட குடும்பம் எங்களுடையதுதான். நான், மனைவி, நான்கு பெட்டிகள், ஒரு இட்லிக் குண்டான். 2024 அக்டோபரில் வேளச்சேரி வீட்டைக் காலி செய்துவிட்டு, மத்தியதரைக் கடலின் நடுவே கிடக்கும் மால்டாவில் ஸ்லீமா என்ற ஊருக்குக் குடிபோனோம். பதினெட்டு மாதத்தில் இரண்டு வீடு பார்த்தாயிற்று. முதல் வீட்டை ஏன் பிடித்தோம், ஏன் விட்டோம் என்று எழுதிப் பார்த்தால், இப்படிக் கிளம்புகிற மற்றவர்களுக்கும் உதவும் என்று தோன்றியது.

முடிவெடுத்த விதத்திலேயே பாதிப் பிழை இருக்கிறது. 2023 ஜூனில் ஒரு வாரம் சுற்றுலா போயிருந்தோம். கடலைப் பார்த்த அறை. காலையில் ஜன்னலைத் திறந்தால் நீலம், மாலையில் கடற்கரைச் சாலை முழுக்க மனிதர்கள். ஐஸ்கிரீமோடு நடக்கும் தாத்தாக்கள், பாறையில் படுத்துப் படிக்கும் பெண்கள், படகுத்துறையிலிருந்து பத்துப் பதினைந்து நிமிடத்தில் தலைநகர் வலேட்டா. ஆங்கிலம் ஆட்சிமொழிகளில் ஒன்று. வண்டிகள் நம்மைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓடுகின்றன. "ஏங்க, இங்கேயே இருந்துடலாம்ங்க" என்று மனைவி சொன்னது விளையாட்டாகத்தான். நான் அதை வினையாக எடுத்துக்கொண்டேன். நாங்கள் ஊர் திரும்பிய அடுத்த மாதமே வெப்ப அலை வந்து, தீவின் பல பகுதிகளில் மின்சாரம் விட்டுவிட்டுப் போய், மக்கள் இரவில் கடற்கரையில் போய்ப் படுத்தார்கள். அந்தச் செய்தியைச் சென்னையில் ஏசியைப் போட்டுக்கொண்டு படித்தேன். படித்தும் புத்தி வரவில்லை.

ஊரைப் பற்றிக் கொஞ்சம்

மால்டா மொத்தமே 316 சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சி எல்லையை விட நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேல் குறைவு. அதற்குள் ஒரு நாடு, ஒரு பாராளுமன்றம், மூன்று தீவுகளில் மக்கள். 2011 கணக்கெடுப்பில் 4,17,432 பேர். 2021 கணக்கெடுப்பில் 5,19,562. பத்தாண்டில் ஒரு லட்சம் பேர் கூடியிருக்கிறார்கள் என்றால் பிறந்தவர்களால் அல்ல, வந்தவர்களால். 2021இல் ஐந்தில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டவர். அதில் இத்தாலியர், பிரிட்டிஷாருக்கு அடுத்து நாம்தான், இந்தியர். அதற்கு மேல், 2024இல் மட்டும் 35 லட்சத்துக்கும் அதிகமான சுற்றுலாப் பயணிகள் வந்து போயிருக்கிறார்கள்.

ஸ்லீமா 1.3 சதுர கிலோமீட்டர்தான். அதில் 2021 கணக்குப்படி 19,655 பேர். ஒரு காலத்தில் மீனவர் குடிசைகளும் மாதா கோயிலும் இருந்த முனை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலேட்டாவின் பணக்காரர்கள் கோடைக்கு வந்து தங்கும் இடமானது, பிறகு பிரிட்டிஷ் பட்டாளத்தார் வந்தார்கள், பிறகு அடுக்குமாடிகள். 'ஸ்லீமா' என்பதும் நாம் அறிந்த 'சலாம்' என்பதும் ஒரே வேர்தான். மால்டா மொழி அரபியின் கிளை. ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள். கத்தோலிக்கர்கள் கடவுளை 'அல்லா' என்றும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தை 'ரந்தான்' என்றும் சொல்வதைக் கேட்டு முதல் மாதம் எனக்கு ஆச்சரியம் தீரவே இல்லை.

பக்கத்தில் செயின்ட் ஜூலியன்ஸ். அதன் ஒரு மூலையில் பாச்சவில் என்ற இரவுக்கூத்துப் பேட்டை. இணையச் சூதாட்ட நிறுவனங்களின் அலுவலகங்களும் இந்த இரண்டு ஊரைச் சுற்றித்தான். 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும், அதே காலத்தில் இந்தத் தொழிலுக்கு முறையான உரிமம் கொடுக்கத் தொடங்கியதும்தான் ஊரின் வாடகையை இன்று நிற்கும் இடத்துக்கு ஏற்றியவை.

அனுமதி

இது சுலபமாக முடிந்த பகுதி, சீக்கிரம் சொல்லிவிடலாம். நான் வேலை பார்ப்பது மால்டாவுக்கு வெளியே உள்ள நிறுவனத்துக்கு, வேலை மடிக்கணினியில். இப்படிப்பட்டவர்களுக்கென்று மால்டா 2021இல் நோமாட் குடியிருப்பு அனுமதி என்று ஒன்றைத் தொடங்கியது. முதலில் மாதம் 2,700 யூரோ வருமானம் இருந்தால் போதும் என்றிருந்தார்கள். 2024 ஏப்ரலிலிருந்து ஆண்டுக்கு 42,000 யூரோ. விண்ணப்பக் கட்டணம் தலைக்கு 300. மருத்துவக் காப்பீடு வேண்டும், வாடகை ஒப்பந்தம் வேண்டும், உள்ளூர் நிறுவனத்துக்கு வேலை செய்யக் கூடாது. ஓராண்டுக்குத் தருவார்கள், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல்: அனுமதிக்கு வீட்டு ஒப்பந்தம் தேவை என்பதால், வீட்டைச் சரியாகப் பார்க்காமலே பிடிக்கிற அவசரம் வந்துவிடுகிறது. எங்களுக்கு வந்தது.

முதல் வீடு

கடற்கரைச் சாலையில், ஐந்தாவது மாடி, இரண்டு படுக்கையறை, மாதம் 1,600 யூரோ. புரோக்கர் வீடியோவில் காட்டியது முழுக்க பால்கனி. பால்கனியிலிருந்து கடல், கடலிலிருந்து பால்கனி, மறுபடி கடல். சமையலறையை மூன்று வினாடி காட்டினார். படுக்கையறைகள் இரண்டும் கட்டடத்தின் நடுவில் உள்ள காற்றுக்கூண்டைப் பார்த்திருந்தன. அதைக் காட்டவே இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

கொடுத்த பணம்: முதல் மாத வாடகை 1,600, அட்வான்ஸ் ஒரு மாதம் 1,600, புரோக்கர் கமிஷன் அரை மாதம் 800, அதன் மேல் 18 சதவீத வாட் வரி 144. மொத்தம் 4,144 யூரோ. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ மூன்றே முக்கால் லட்சம் ரூபாய். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகியவனுக்கு இங்கே ஒரு மாதம்தானா என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒப்பந்தத்தில் ஒரு விஷயம் நல்லபடி அமைந்தது. 2020இல் வந்த வாடகைச் சட்டப்படி, குடியிருப்பு ஒப்பந்தத்தை வீட்டுவசதி ஆணையத்தில் பதிவு செய்தாக வேண்டும், குறைந்தது ஓராண்டு. ஆனால் இரண்டாண்டுக்குக் குறைவான ஒப்பந்தமாக இருந்தால், ஆறு மாதம் கழிந்த பிறகு ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து வாடகைக்காரர் வெளியேறலாம். பதிவுத் தபாலில் கடிதம் போதும். கையெழுத்துப் போடும்போது இந்த வரியை நான் சும்மா படித்துவிட்டுக் கடந்தேன். ஏப்ரலில் அதே வரியை விரலால் தடவித் தடவிப் படித்தேன்.

அக்டோபர், நவம்பர் சொர்க்கம். வெயில் தணிந்து, கடல் மட்டும் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. ஸ்லீமாவில் மணற்கரை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை; பாறைதான். விக்டோரியா காலத்தில் பெண்கள் குளிப்பதற்காகப் பாறையைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்திருக்கிறார்கள், ஊரார் அதை ரோமானியக் குளியல் என்கிறார்கள். இரும்பு ஏணியைப் பிடித்து இறங்க வேண்டும். நீச்சல் தெரியாத என் மனைவி அந்தச் சதுரங்களில் ஒன்றில் இடுப்பளவு நீரில் உட்கார்ந்துகொண்டு அம்மாவுக்கு வீடியோ கால் போடுவாள்.

டிசம்பரில் வீடு தன் சுயரூபத்தைக் காட்டியது. மால்டாவின் குளிர் எண்ணில் பார்த்தால் ஒன்றுமில்லை. இரவில் பத்து டிகிரி அளவில்தான் நிற்கும். ஊட்டிக்காரர் சிரிப்பார். ஆனால் வீடுகள் கோடைக்காகக் கட்டியவை. சுவரில் குளிரைத் தடுக்கும் அடுக்கு எதுவும் கிடையாது, ஜன்னலில் ஒற்றைக் கண்ணாடி, வெப்பமூட்ட ஏசியைத் திருப்பிப் போடுவதுதான் வழி. கடலின் ஈரம் சுவருக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. வெளியே வெயிலில் சட்டையோடு நடந்துவிட்டு, வீட்டுக்குள் வந்து ஸ்வெட்டர் மாட்டிக்கொள்ளும் ஊர் இது. துணி மூன்று நாள் ஆனாலும் காயாது, காய்ந்தாலும் ஊசிய வாடை.

ஜனவரி நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொங்கலுக்கு உடுத்திய புடவையை மடித்து வைக்க மனைவி அலமாரியைத் திறந்தாள். சத்தமே இல்லை. போய்ப் பார்த்தால், கூறைப் புடவையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அரக்கு நிறப் பட்டில் மடிப்பு மடிப்பாக வெள்ளைப் பூசணம். அலமாரியின் பின்பலகையைத் தொட்டேன்; கையில் கறுப்பு ஒட்டியது. காற்றுக்கூண்டைப் பார்த்த சுவர், வெயிலே படாத சுவர். வீட்டுக்காரருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். "ஜன்னலைத் திறந்து வைக்கவும்" என்று பதில் வந்தது. திறந்தால் காற்றுக்கூண்டில் எட்டு வீட்டுச் சமையல் வாசனையும் எட்டு வீட்டு ஏசி நீரும். 180 யூரோவுக்கு, காற்றின் ஈரத்தை உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் வாங்கினேன். முதல் இரவில் அது சுவரிலிருந்தும் காற்றிலிருந்தும் உறிஞ்சிய தண்ணீரை அளந்து பார்த்தேன்: இரண்டரை லிட்டர். சொம்பில் ஊற்றி மனைவியிடம் காட்டினேன். "குடிச்சுப் பாருங்க, உப்புக் கரிக்குதான்னு" என்றாள்.

அதே மாதம் பக்கத்து மனையில் வேலை தொடங்கியது. இரண்டு மாடிப் பழைய வீடு, முகப்பில் கலரீயா என்னும் மூடிய மரப் பால்கனி, பச்சை வண்ணம். மூன்றே நாளில் தரைமட்டம். அடுத்து, அடித்தளத்தில் கார் நிறுத்தப் பாறையைத் தோண்ட வேண்டும். மால்டா முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. காலை ஏழு மணிக்கு பாறை உடைக்கும் பிரேக்கர் இரையும்; அந்த இரைச்சல் காதில் விழுவதற்கு முன் கட்டில் கால் வழியாக முதுகில் ஏறும். என் அலுவலகக் கூட்டங்களில் "நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், சுரங்கத்திலா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தேன் நிறத் தூசு பால்கனிக் கதவை மூடியிருந்தாலும் வந்துவிடும். தோசைக்கல்லைத் துடைக்காமல் மாவு ஊற்ற முடியாது.

ஏன் இத்தனை அவசரமாகத் தோண்டுகிறார்கள் என்று விசாரித்தபோதுதான் கணக்கு புரிந்தது. ஸ்லீமா, செயின்ட் ஜூலியன்ஸ் போன்ற சுற்றுலாப் பகுதிகளில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை இடிப்பதும் தோண்டுவதும் தடை. பயணிகளின் காதுக்கு மரியாதை. அதனால் தோண்டுகிறவர்கள் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் முடித்துவிடப் பார்க்கிறார்கள். நாங்கள் 2023இல் வந்த அந்த ஜூன் வாரம் அத்தனை நிசப்தமாக இருந்தது ஏன் என்று ஒன்றரை ஆண்டு கழித்து விடை கிடைத்தது. தடை தொடங்கிய மறுநாள் வந்து இறங்கியிருக்கிறோம்.

பிப்ரவரியில் கிரிகால் வந்தது. வடகிழக்குக் காற்று. அப்போஸ்தலர் பவுலின் கப்பலைக் கரையில் மோதி உடைத்தது இந்தக் காற்றுதான் என்று இங்கே சொல்வார்கள். அந்தக் கப்பல் உடைந்த நாளைப் பிப்ரவரி 10ஆம் தேதி பொது விடுமுறை விட்டுக் கொண்டாடுகிறார்கள், உடைந்ததற்கு நன்றி சொல்லி. ஸ்லீமாவின் கடல்முகம் அந்தத் திசையைப் பார்த்தது. அலை சாலையைத் தாண்டி எதிர்க்கடை வாசலில் கல்லையும் பாசியையும் கொண்டுவந்து கொட்டியது. ஐந்தாம் மாடிப் பால்கனிக் கண்ணாடியில் உப்பு படிந்து, 1,600 யூரோ கடல் இரண்டு வாரம் மங்கலாகத் தெரிந்தது.

கட்டணச் சீட்டு

ஒரு தனி விஷயம், ஆனால் இங்கே வருகிற எல்லாரையும் கடிப்பது. மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் சேர்த்து ஒரே பில். வீட்டுக் கட்டணத்தில் இரண்டு வகை உண்டு. வீட்டில் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்று பதிவாகியிருந்தால் குறைந்த விகிதம், தலைக்கணக்கில் சிக்கனத் தள்ளுபடியும் உண்டு. பதிவில்லையென்றால் அந்த வீடு யாரும் நிரந்தரமாக இல்லாத விடுமுறை வீடுபோல. விகிதம் கூடுதல், தள்ளுபடி கிடையாது. பதிவதற்கு 'எச்' படிவம் என்று ஒன்று. எங்கள் வீட்டுக்காரர் அதை நிரப்பவில்லை. "அதெல்லாம் பிறகு" என்றார். நவம்பரில் கேட்டேன், ஜனவரியில் கேட்டேன். ஏசியையும் ஈர உறிஞ்சியையும் இரவு பகலாக ஓட்டிய குளிர்காலத்து பில் வந்தபோது, மனைவி ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு கால்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தாள்.

தண்ணீர் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மால்டாவில் ஆறு கிடையாது. குடிநீரில் பாதிக்கு மேல் கடல்நீரைச் சுத்திகரித்து வருவது; மிச்சம் நிலத்தடி நீர். குழாய்த் தண்ணீர் பாதுகாப்பானது, ஆனால் ருசி என்று சொல்ல முடியாது. டீயில் தெரியும். சென்னையில் மீஞ்சூர், நெம்மேலி ஆலைகளின் கடல்நீரைக் குடித்துப் பழகிய நாக்கு அதிகம் சண்டை போடவில்லை.

திருநெல்வேலிக்காரத் தம்பி

மார்ச்சில் ஒரு மழை இரவு. பிரியாணி கொண்டுவந்த பையன், நான் கதவைத் திறந்ததும் உள்ளே இருந்து வந்த தமிழ்ப் பாட்டைக் கேட்டு, "அண்ணே, தமிழா?" என்றான். தலைக்கவசத்திலிருந்து நீர் சொட்டுகிறது. உள்ளே வரச் சொன்னோம், தரை நனையும் என்று வாசலிலேயே நின்றான். மனைவி காபி கொடுத்தாள். திருநெல்வேலிப் பக்கம். ஹம்ரூன் என்ற ஊரில் இரண்டு அறை வீட்டில் எட்டுப் பேரோடு இருக்கிறான், கட்டிலுக்கு 250 யூரோ.

"நீங்க என்ன விசாண்ணே?" என்றான். சொன்னேன். அவனுடையது வேலையோடு கட்டிய அனுமதி. வேலைக்கு வைத்த ஏஜென்சி சம்பாத்தியத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறதாம். அந்த வேலை போனால் புது முதலாளியைத் தேட முன்பெல்லாம் பத்தே நாள்தான். 2025இல் அதை முப்பது நாளாக நீட்டினார்கள். "முப்பது நாள் இருந்தா மூச்சு விடலாம்ணே" என்று பின்னொரு நாள் அவனே வந்து சொல்லிவிட்டுப் போனான்.

நகரப் பேருந்து ஓட்டுகிறவர்கள், மருத்துவமனைகளில் பராமரிப்பு வேலை செய்கிறவர்கள், ஹோட்டல் அறை பெருக்குகிறவர்கள், எங்கள் முதுகில் பிரேக்கர் ஏற்றிய அந்தக் கட்டுமானத் தளத்துக்காரர்கள் என்று ஊரைத் தூக்கி நிறுத்தியிருப்பவர்களில் பெரும்பகுதி இந்த இரண்டாம் வகை அனுமதிக்காரர்கள். 'தீவுக்குக் குடிபெயர்வது எப்படி' என்று எழுதுகிறவர்கள் எல்லாரும் என் வகையைப் பற்றியே எழுதுகிறார்கள். நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் என் 1,600 யூரோவும் அவனுடைய 250 யூரோவும் ஒரே காரணத்தால் ஏறியவை: வருகிறவர்கள் பலர், நிலம் 316 சதுர கிலோமீட்டர். சதுர அடிக் கணக்குப் போட்டால் அவன்தான் அதிகம் கொடுக்கிறான் என்று நினைக்கிறேன்.

இந்தத் தீவுக்குத் தமிழர் வருவது புதிதும் அல்ல. 1878இல் ரஷ்யாவை மிரட்டுவதற்காகப் பிரிட்டன் சுமார் ஏழாயிரம் இந்தியச் சிப்பாய்களைக் கப்பலேற்றி மால்டாவில் இறக்கியது. மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் அதில் உண்டு. சில வாரம் வைத்திருந்து சைப்ரஸுக்கு அனுப்பிவிட்டார்கள். எந்த அனுமதியில் வந்தார்கள் என்று அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாம் வீடு

ஏப்ரலில் பதிவுத் தபால் போட்டோம், மே மாதம் மாறினோம். அட்வான்ஸில் 400 யூரோவைப் பூசணம் துடைத்த கூலி என்று வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். பூசணத்துக்கு யார் காரணம் என்று வாதாட எனக்குத் தெம்பில்லை. சிறு தொகைத் தகராறுகளைத் தீர்க்க முறை இருக்கிறது, நான்தான் போகவில்லை. போயிருக்கலாம்.

புது வீடு கடலிலிருந்து எட்டு நிமிட நடை, ஏற்றத்தில். முதல் மாடி, இரண்டு அறை, 1,150 யூரோ. கடல் தெரியாது. தெருக்கோடியில் நின்று எக்கிப் பார்த்தால் ஒரு நீலக் கீற்று தெரியும். ஆனால் படுக்கையறை தெற்குப் பார்த்தது, குளிர்காலத்திலும் பகலெல்லாம் வெயில் விழும். பழைய கல்வீடு, இரண்டடி அகலச் சுவர். இந்த முறை நாங்கள் கேட்ட முதல் கேள்வி "எச் படிவம் நிரப்புவீர்களா?" இரண்டாவது, "அலமாரியை நகர்த்திப் பார்க்கலாமா?" மூன்றாவதாக, தெருவின் இரண்டு முனைவரை நடந்து இடிக்கக் காத்திருக்கும் காலி வீடுகளை எண்ணினோம். அந்தத் தெருவில் அப்போது ஒன்றுகூட இல்லை.

இந்தத் தெருவில்தான் ஊர் இருந்தது. எதிர்வீட்டில் எண்பதைத் தாண்டிய அம்மா ஒருவர், தனியாக. காலையில் ரொட்டி வண்டி ஹாரன் அடித்ததும் மாடிக் கலரீயாவைத் திறந்து, கயிற்றில் கூடையை இறக்குவார். ரொட்டிக்காரர் போட்டதும் சரசரவென்று இழுத்துக்கொள்வார். காய்கறி வண்டி முனையில் நிற்கும், கேஸ் சிலிண்டர் லாரி சத்தம் போட்டுக்கொண்டு வரும். எங்கள் வீட்டுச் சாம்பார் வாசனை அவருக்கு எப்படியோ பிடித்துப்போயிற்று. ஒரு நாள் கூடையை எங்கள் பக்கம் நீட்டி ஆட்டிக் காட்டினார். மனைவி ஒரு டப்பா சாம்பாரை வைத்தாள். மறுநாள் அதே டப்பாவில் பிகில்லா வந்தது, அவரைவகைப் பருப்பைப் பூண்டோடு மசித்தது. "நம்ம கடைசல் மாதிரியே இருக்குங்க" என்றாள். அந்த அம்மா என் மனைவியை "அல்பி" என்று கூப்பிடுவார். என் இதயமே என்று பொருள். என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிட மாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார்.

எந்தப் பேச்சுக்கும் அவர் 'மேலா' என்பார். நமது 'சரி', 'அப்புறம்', 'பின்னே', 'ஆமாமா' எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லே செய்யும். மழை வருமா? மேலா. வாடகை எவ்வளவு கொடுக்கிறாய்? சொன்னேன். நீண்ட மூச்சோடு ஒரு மேலா. அவர் மகள் திருமணத்தின்போது தெருவில் எல்லா வீடும் சொந்தக்காரர் வீடுதானாம். இப்போது மகள் தீவின் வடக்கே இருக்கிறாள். இங்கே வீடு வாங்கக் கட்டுப்படியாகவில்லை.

காற்றின் பெயர்களை அவரிடம்தான் கற்றேன். கிரிகால் வடகிழக்கு, மய்யிஸ்திரால் வடமேற்கு, ஷ்லோக் தென்கிழக்கு. ஞாயிறு மீன்சந்தை நடக்கும் மார்சஷ்லோக் ஊரின் பெயரே தென்கிழக்குத் துறைமுகம் என்றுதான். ஷ்லோக் அடித்தால் சஹாராவின் செம்மண் வானில் வரும். தூறல் விழுந்தால் கொடியில் கிடக்கும் வெள்ளை வேட்டியில் காவிப் பொட்டு. என் அப்பா தூத்துக்குடிக்காரர். வாடை, கொண்டல், கச்சான் என்று அவர் சொல்லும்போது காது கொடுத்ததில்லை. இங்கே கொடியில் துணி போட வேண்டியிருந்ததால் காற்றின் பெயர் தேவைப்பட்டது.

பேருந்து பற்றி ஒரு வார்த்தை. தால்லின்யா என்ற பேருந்து அட்டை வைத்திருக்கும் குடியிருப்பாளர்களுக்கு 2022 அக்டோபரிலிருந்து பயணம் இலவசம். ஆனால் நான்கு லட்சத்துக்கும் மேல் வண்டிகள் பதிவான தீவில் பேருந்து இலவசமாக வந்தும் நேரத்துக்கு வருவதில்லை. வலேட்டாவுக்குப் படகில் போய்விடுவோம்.

ஆகஸ்ட் கடைசி வாரம் செயின்ட் ஜூலியன்ஸ் திருவிழா. காலை எட்டு மணிக்கு வானத்தில் ஒரு வெடி, ஜன்னல் அதிர்ந்தது. எனக்கு பிரேக்கர் ஞாபகம் வந்து தூக்கிவாரிப் போட்டது. மனைவி மட்டும் படுக்கையிலிருந்தபடியே சிரித்தாள்: "அதிர்வேட்டுங்க. கோயில் கொடை மாதிரி." மாலையில் விரிகுடாவில் கோஸ்திரா. கடலின் மேல் சாய்வாக நீட்டிய கம்பம், முழுக்கக் கொழுப்புத் தடவி வழுக்கவைத்தது, நுனியில் கொடிகள். பையன்கள் ஒவ்வொருவராக ஓடி வழுக்கி நீரில் விழுகிறார்கள். நம் ஊர் வழுக்குமரத்தைப் படுக்கவைத்துக் கடலுக்கு மேல் நீட்டியது போல. எதிர்வீட்டு அம்மாவும் மகளோடு வந்திருந்தார். யாரோ ஒரு பையன் கொடியைப் பிடித்துக்கொண்டே விழுந்தபோது, கையிலிருந்த கசப்பு ஆரஞ்சு பானத்தைச் சிந்திக்கொண்டு கத்தினார்.

அக்டோபரில் அனுமதியைப் புதுப்பித்தோம். டிசம்பர் வந்தது, டிஹியூமிடிஃபையர் இந்த வீட்டில் ராத்திரிக்கு அரை லிட்டர்தான் உறிஞ்சுகிறது. கூறைப் புடவையைச் சலவைக்குக் கொடுத்து முக்கால்வாசி மீட்டுவிட்டோம். முந்தானையில் ஒரு சாம்பல் வளையம் மட்டும் போகவில்லை.

அறிவிப்பு

பிப்ரவரியில் ஒரு நாள் கடைக்குப் போய்த் திரும்பும்போது, எதிர்வீட்டுக்கு அடுத்த வீட்டுச் சுவரில் திட்ட ஆணையத்தின் அறிவிப்புத் தாளைப் பார்த்தேன். இருக்கும் கட்டடத்தை இடித்துவிட்டு, அடித்தளத்தில் கார் நிறுத்தமும் மேலே ஆறு தளமும் கட்ட விண்ணப்பம். சொந்தக்காரர் காலமாகி, பிள்ளைகள் விற்றுவிட்டார்களாம். இடிக்கப் போகும் சுவரும் அந்த அம்மாவின் படிக்கட்டுச் சுவரும் ஒன்றேதான், பொதுச்சுவர்.

விண்ணப்பத்துக்கு யார் வேண்டுமானாலும் ஆட்சேபம் எழுதலாம், முப்பது நாளுக்குள். குடியுரிமை கேட்பதில்லை. மறுநாள் அந்த அம்மா கூடையை இறக்கினார். டப்பா இல்லை, ஒரு கடிதம். மகள் தட்டச்சு செய்தது. தெருவில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எட்டாவது வரி காலியாக இருந்தது.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தூசு, அதிர்வு, பொதுச்சுவர், வெளிச்சம் மறைவது, எல்லாம் நியாயம். மூன்றாம் பத்தியில், இந்தக் குடியிருப்புகள் தெருவாசிகளுக்காக அல்ல, வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விடத்தான் என்று எழுதியிருந்தது. அதுவும் நியாயம்தான். மனைவியிடம் காட்டினேன். "நம்மளைத்தான் சொல்றாங்க" என்றாள். "ஆமா." "போடுங்க."

போட்டேன். அடைப்புக்குள் 'இத்தெருவில் எத்தனை ஆண்டுகளாக' என்று ஒரு கட்டம் இருந்தது. ஒன்பது மாதம் என்று எழுதிவிட்டு, கூடையில் வைத்து, கயிற்றை ஒரு இழு இழுத்தேன். மேலே ஜன்னலிலிருந்து அவர் தாளைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார். முதல் முறையாக என்னை நேராகப் பார்த்து, "மேலா" என்றார்.